வியாழக்கிழமை என் முறை

தண்ணீர் பாட்டிலை அங்கே வைக்காதீர்கள் ஐயா. இப்படி, பெஞ்சுக்கு இந்தப் பக்கம் வையுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்யப் போகிறீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பிக்கூண்டுக்கு மூன்றடிக்குள் தண்ணீர் வரக் கூடாது. பாக்கியத்தின் உத்தரவு. பாக்கியம் யார் என்று பிறகு சொல்கிறேன்.

டோக்கன் எத்தனை? எண்பத்து நான்கா? இப்போதுதான் முப்பத்தொன்று கூப்பிட்டார்கள். மூட்டு டாக்டர் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிற நல்ல மனுஷர். ஆகவே நேரம் இருக்கிறது. நன்றாக உட்காருங்கள்.

நான் நோயாளி இல்லை. இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை என் முறை. அதற்காக வந்திருக்கிறேன்.

கூண்டுக்குள் இருப்பது செண்பகம். ஒன்றரை அடி உயரம், ஏழு இலை. போன வாரம் ஆறுதான். ஏழாவது இன்று காலையில்தான் விரிந்திருக்கிறது, பாருங்கள், அந்த இளம்பச்சை. நீங்கள் தலையாட்டுகிறீர்கள். சந்தோஷம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தார். இப்போதும் இருக்கிறார். அதோ, ரோட்டுக்கு எதிரே டீக்கடையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். அவர் முறை செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவருக்கு இங்கே என்ன வேலை? கேட்டால் டீ குடிக்க வந்தேன் என்பார். அவர் வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் நாலு டீக்கடை இருக்கிறது.

சரி. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊர்த் தோட்டக்கலை மன்றத்தை மாவுப்பூச்சிதான் ஆரம்பித்துவைத்தது. சிரிக்காதீர்கள், நிஜம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எஸ்தர் டீச்சர் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி பிடித்தது. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, "ஒங்க செடியில இருந்துதான் என் செடிக்கு வந்துருக்கு. வாங்க, பாப்போம்" என்று உள்ளே போய்விட்டார். எட்டு வீட்டில் பூச்சி இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரையும் கூப்பிட்டு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலக்கக் கற்றுக்கொடுத்தார். பூச்சி போய்விட்டது. நாங்கள் போகவில்லை.

அன்று முதல் மாதத்தில் முதல் ஞாயிறு கூட்டம். ஆளுக்கொரு நாற்றோ பதியனோ பேப்பரில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். செடி வாங்கியவர் நன்றி சொல்லக் கூடாது என்பது டீச்சர் வைத்த வழக்கம். "பிழைச்சா சொல்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பிழைத்தால் கட்டாயம் வந்து சொல்ல வேண்டும். அந்த வார்த்தையில் எத்தனை சண்டை ஆறியிருக்கிறது தெரியுமா? போன மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், இந்த மாதம் வாசலில் வந்து நின்று, "அந்த நந்தியாவட்டை பிழைச்சிருச்சு" என்பார். அப்புறம் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஊருக்கும் செய்தோம். பள்ளிக்கூடத்தில் மரம் வைத்தோம், ஆடு தின்றது. மறுபடி வைத்தோம்; மறுபடி ஆடு. மூன்றாவது தடவை ஆட்டுக்காரரை மன்றத்தில் சேர்த்தோம், மரம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாற்பது தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்தோம். ஒவ்வொரு தொட்டியிலும் மன்றத்தின் பெயரை நானே என் கையால் பெயின்ட்டில் எழுதினேன். ஒரே மாதத்தில் பதினொரு தொட்டிதான் மிச்சம். மற்றதெல்லாம் எங்கே? ஊரில் வீட்டு வாசல்களில், எங்கள் பெயரோடு! போலீசில் எழுதிக் கொடுப்போம் என்று நான் நின்றேன். டீச்சர் வாசல் வாசலாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பொன்னுரங்கம், நாம வச்சதவிட அவங்க நல்லா வச்சிருக்காங்க. விடுங்க."

அவருக்கு யாரையும் நம்பிவிடுகிற குணம். எனக்கு அது கிடையாது என்று சொல்வார்கள். என் வேலை அப்படி. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வருஷமாக, ஓடுகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி, டிக்கெட் டிக்கெட் என்று கேட்கிற வேலை. வண்டியில் அறுபது பேர் இருந்தால் ஐம்பத்தொன்பது பேர் டிக்கெட் வைத்திருப்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று தெரிகிறவரைக்கும் அறுபது பேரும் அந்த ஒருவர்தானே? சில சமயம் எனக்கே யோசனை வரும். இந்த வேலை பார்த்ததால் நான் இப்படி ஆனேனா, இப்படி இருந்ததால் இந்த வேலை கிடைத்ததா என்று. ஐம்பத்து நாலு வயதில் இதைக் கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது?

டீச்சருக்குக் கடைசியில் உடம்பு முடியாமல் போனது. இங்கேதான் வைத்தியம். இதே வரிசையில் நின்றார். இப்போது இந்த பெஞ்சுக்கு மேலே தகரம் இருக்கிறது, அப்போது அதுவும் இல்லை. வெயிலில் நின்றபடி என்னிடம், "இங்க ஒரு மரம் இல்லாம நாம பத்தொம்பது வருஷம் என்ன செஞ்சிருக்கோம்?" என்று கேட்டார். செண்பக விதை ஒன்பது போட்டார். ஒன்றுதான் முளைத்தது. அதைப் பெயின்ட் வாளியில் வளர்த்து, தை மாதத்தில் என் கையில் கொடுத்தார்.

"ஒரே ஆளு பாக்கக் கூடாது பொன்னுரங்கம். எல்லாரும் சேந்து பாத்துக்கணும்."

"பிழைச்சா சொல்றேன் டீச்சர்" என்றேன். மாசி பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். அப்படியானால் பிழைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? அது அப்போது தோன்றவில்லை.

எல்லாரும் பார்க்க வேண்டும் என்றாரா, இத்தனை வருஷத்தில் சேர்ந்தவர், விலகியவர் கணக்கெல்லாம் பார்த்து, டீச்சரும் போக மிச்சம் நாங்கள் ஏழு பேர். வாரத்துக்கு ஏழு நாள். ஆளுக்கு ஒரு நாள், நாளுக்கு ஒரு குடம். நான்தான் செயலாளர், நானே முறை போட்டேன். இங்கே குழி வெட்டிச் செடியை நட்டு, கூண்டு போட்டு, அதில் ஒரு நோட்டைக் கட்டினேன். தேதி, நேரம், கையெழுத்து. இதைவிட ஒழுங்காக ஒரு செடியை யாராவது வளர்க்க முடியுமா? சொல்லுங்கள்.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை இந்த வழியாக வந்தேன். சும்மா வந்தேன். எங்கள் டிப்போ கிழக்கே இருக்கிறது, வீடு தெற்கே, ஆஸ்பத்திரி வடக்கே. வழி கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். நோட்டில் கையெழுத்து இருந்தது. மண்ணும் மேலாக ஈரமாக இருந்தது. மேலாக! ஒரு சொம்பு தெளித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாலும் மேல்மண் ஈரமாகத்தானே இருக்கும்? யாரையும் சந்தேகப்படவில்லை. ஒரு குடம் ஊற்றினேன். நோட்டில் எழுதவில்லை. என் முறை இல்லாத நாளில் நான் கையெழுத்துப் போட்டால் அது விதிமீறல்.

மறுநாளும் வந்தேன். அதற்கு மறுநாளும்.

பங்குனியில் கூண்டுக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது. நல்ல வெயில், மழை பெய்து மாசக் கணக்காகிறது, சுற்றிலும் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, இந்தக் கூண்டுக்குள் தவளை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு செடி வைத்தால் ஓர் உலகமே வந்துவிடுகிறது என்று டீச்சர் சொல்வார். உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி என்றால் அதோ அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருப்பவர். ஜெகவீரன். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், மன்றத் தலைவர். "அண்ணாச்சி, கூண்டுல தவளை கத்துது!" என்றேன். "நானும் கேட்டேன்யா, காலையில" என்றார். அன்று சனிக்கிழமை. அவர் முறை செவ்வாய். இருபத்தாறு வருஷம் செக்கிங் பார்த்தவன் நான். அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் இலை மஞ்சளாகிவிட்டது. தொங்கிப்போய் நின்றது. தண்ணீர் காணாத செடி அப்படித்தானே நிற்கும்? மற்றவர்கள் ஊற்றவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நான் இரண்டு குடம் ஊற்ற ஆரம்பித்தேன். சித்திரை கடைசியில் குச்சி கறுத்துப்போனது. லேசாகத் தொட்டேன், அடியோடு கையில் வந்துவிட்டது.

அவசரக் கூட்டம் போட்டோம். பாத்திமுத்து என்று தையல்கடை வைத்திருக்கிறார், எங்கள் உறுப்பினர். அந்தக் கடையில்தான். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, செவ்வாக்கிழமைக் கையெழுத்து எல்லாம் ஒரே சமயத்துல ஒக்காந்து போட்ட மாதிரி இருக்கே" என்றேன்.

"என்னய்யா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. நோட்டு சொல்லுது."

"யோவ், நான் முப்பத்தஞ்சு வருஷம் ஊரு ஒலகத்துக் கையெழுத்தெல்லாம் பாத்தவன். எனக்குப் பாடம் எடுக்கியா?"

"ஊத்துனீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"ஊத்துனேன்யா! செவ்வா மட்டுமா ஊத்துனேன்? தெனமும் ஊத்துனேன். ஒங்களையெல்லாம் நம்பி விட்டா வெளங்குமான்னு தெனமும் சைக்கிள மிதிச்சுப் போயி ஊத்துனேன்!"

தையல் மிஷின் நின்றுவிட்டது. பாத்திமுத்து தலையைத் தூக்கி, "அண்ணாச்சி, நீங்க எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"காலையில ஆறு."

"அதான் பாத்தேன். நான் பதினோரு மணிக்குப் போறப்ப ஈரமா இருக்கும்."

"நீயும் தெனமுமாம்மா?"

"கடைக்குப் போற வழிதான அண்ணாச்சி."

மூலையிலிருந்து ஒருவர் "நான் ரெண்டரை" என்றார். இன்னொருவர் "நாலே கால்." பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிப் போட்ட மாதிரி வரிசையாக வந்தது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அஞ்சு இருபது" என்றேன். வேறு என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்துத் தைத்த ஜாக்கெட்டை வாங்கப் பாக்கியம் உள்ளே வந்தார். இந்த ஆஸ்பத்திரி வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கீகளா? நான்கூட ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாதவுகன்னு நெனச்சேன். முறை வச்சு வந்து ஊத்திட்டுப் போறீக. கரிசல்ல குழி வெட்டுனா அது தொட்டி சாரு. தண்ணி எங்கிட்டுப் போகும்? உள்ள தவக்கள குடும்பம் நடத்துது."

"சொல்ல வேண்டியதுதானம்மா?" என்றேன்.

"சொன்னேனே. நீங்கதான் நோட்டக் காட்டி, இதுல கையெழுத்துப் போட முடியுமா, அப்ப தள்ளி நில்லுன்னீக."

எனக்கு அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

இதுவரைக்கும் எனக்கு வருத்தம் இல்லை ஐயா. தப்பு நடக்கும். செடிக்கு வேர் மூச்சுவிட வேண்டும் என்று தெரிந்த ஏழு பேர் சேர்ந்து ஒரு செடியை முக்கிக் கொன்றுவிட்டோம். சரி. ஆனால் எனக்குள் ஒன்று உறுத்தியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் என்றால் வாரத்தில் ஏழு நாளும். ஏழு நாளும் என்றால்?

"அண்ணாச்சி, வியாழக்கிழமையுமா ஊத்துனீங்க?"

"தெனமும்னா தெனமும்தான்."

"வியாழக்கிழமை என் முறை."

"தெரியும்யா. வியாழக்கிழமதான் முக்கியமா ஊத்துனேன்."

கேட்டீர்களா? முக்கியமாக! பத்தொன்பது வருஷப் பழக்கம். என் பெண்ணின் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர் அவர். மற்றவர்களை நான் சந்தேகப்படவில்லை, சும்மா அந்த வழியாக வந்தேன், வந்த இடத்தில் ஊற்றினேன். ஆனால் இவர் என்னை, செயலாளரை, முறை போட்டவனையே நம்பாமல், மெனக்கெட்டுச் சைக்கிளில் வந்து ஊற்றியிருக்கிறார்! என் வியாழக்கிழமையில்! நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரும் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அது ஆயிற்று, ஐந்து மாதம்.

வீட்டில் கோமதியிடம் சொன்னேன். என் மனைவி. அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அவரு கிழமையில நீங்க ஊத்துனீங்கள்ல?"

"ஊத்துனேன்."

"ஒங்க கிழமையில அவரு ஊத்துனாரு."

"ஆமா."

"அப்ப யாருக்கு யாரு மேல கோவம்?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. தலைவரிடம்தான் கொடுக்க வேண்டும், அது விதி. தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லை. பேசாமல் எப்படிக் கொடுப்பது? ஆகவே இன்னும் நான்தான் செயலாளர்.

ஐந்து மாதமாகக் கூட்டம் இல்லை. யாரும் யாருக்கும் ஒரு குச்சிகூடக் கொடுக்கவில்லை. என் ரோஜாவில் கரும்புள்ளி விழுந்திருக்கிறது. என்ன அடிப்பது என்று அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும். போகட்டும், ரோஜாதானே. அவர் பேசாததால் எனக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவரோடு டீ குடிப்பேன், இப்போது குடிப்பதில்லை. உடம்புக்கும் நல்லது என்கிறார்கள்.

ஆவணியில் பாத்திமுத்து வீட்டுக்கு வந்தார். டீச்சர் வீட்டைக் காலி செய்தபோது ஓமவல்லித் தொட்டி ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறார். டீச்சர் முளைக்காத விதையையெல்லாம் அந்தத் தொட்டி மண்ணில்தான் கொட்டியிருப்பார்போல. ஓமவல்லிக்கு நடுவே ஒரு செண்பகம் தலை நீட்டியிருக்கிறது. "செக்கரண்ணே, இத வைக்கலாம். ஆனா நம்மள்ல ஒருத்தரும் ஊத்தக் கூடாது. பாக்கியம் மட்டும்தான் ஊத்தணும்" என்றார்.

பாக்கியமே நின்று குழியைப் பெரிதாக வெட்டச் சொல்லி, மணலும் செம்மண்ணும் போட்டு மேடாக்கினார். திங்கள் ஒரு சொம்பு, வெள்ளி ஒரு சொம்பு. அவ்வளவுதான். எங்களுக்கு முறை உண்டு. ஊற்றுவதற்கு இல்லை, ஊற்றாமல் பார்த்துக்கொள்வதற்கு. ஆளுக்கு ஒரு நாள் வந்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், செடிக்குப் பக்கத்தில் யாரும் வாய் கொப்பளிக்காமல், டிபன் பாக்ஸ் கழுவாமல், முக்கியமாக எங்களில் யாரும் குடத்தோடு வராமல்.

எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பாருங்கள், புரட்டாசி வெயில். அந்த ஏழாவது இலையின் நுனி லேசாகத் தொங்குகிற மாதிரி இல்லை? எனக்குத் தொங்குகிற மாதிரித்தான் தெரிகிறது. உங்கள் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா? பாதி இருக்கிறதா? ஒரு மூடி. ஒரே ஒரு மூடி தண்ணீர். நான் ஊற்றக் கூடாது. ஆனால் நீங்கள் மன்றத்து உறுப்பினர் இல்லையே, உங்களுக்கு விதி கிடையாது.

இருங்கள். இருங்கள். முதலில் விரலை விட்டுப் பார்க்கிறேன். இரண்டாம் கணுவரைக்கும் விட வேண்டும், டீச்சர் சொல்லிக்கொடுத்தது.

ஈரமாகத்தான் இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கிறது.

வேண்டாம். மூடியைப் போட்டுவிடுங்கள். நல்லவேளை.

பேப்பர் இறங்கியதைப் பார்த்தீர்களா? நான் குனிந்ததும் அங்கே பேப்பர் இறங்கிவிட்டது. என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். ஐந்து மாதமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். செடி செத்துக் குழி காலியாகக் கிடந்தபோதுகூட. நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? நானும் வந்தேன். சும்மா வந்தேன்.

காலியான குழிக்கு அவர் எதற்கு வந்தார்? இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் எனக்கே இது தோன்றுகிறது.

ஐயா, ஓர் உதவி செய்யுங்கள். அந்தப் பாட்டிலை எடுத்துக் கூண்டுக்கு மேலே கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். மூடியைத் திறக்காதீர்கள்! மூடி இருக்கட்டும். இறுக்கமாக இருக்கிறதா? சரி. அங்கேயிருந்து பார்த்தால் மூடி தெரியாது, அவருக்குக் கண்ணில் புரை. இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டுங்கள். நான் பேசாமல் நிற்கிறேன்.

எழுந்துவிட்டார். பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். டீயையும் வைக்கவில்லை, கிளாஸோடு வருகிறார் பாருங்கள். அண்ணாச்சி, லாரி! அப்பாடா. ரோட்டில் ஒரு பக்கமாவது பார்க்க வேண்டாமா இந்த மனுஷர்?

"யோவ்! யோவ் பொன்னுரங்கம்! யாருய்யா அந்த ஆளு? ஊத்த வேண்டாம்னு சொல்லுய்யா! ஒனக்குப் புத்தியே வராதாய்யா?"

கேட்டீர்களா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வந்து திட்டுவார். திட்டட்டும். திட்டி முடித்ததும் ஏழாவது இலை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பதா, ரோஜாவைப் பற்றிக் கேட்பதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பதுகூடக் கூப்பிடவில்லை ஐயா, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கையை எடுத்துவிடாதீர்கள். கேட் வரைக்கும் வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.